மஞ்சள் வெங்காயம்: வாங்கியதிலிருந்து கடைசிக் காய்வரை

எடுத்ததும் கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். தாள் சுருங்கிக் காய்ந்து, விரலுக்கு இறுக்கமாக, சருகாகச் சலசலத்தால் அது வைக்கத் தோதான காய். கழுத்து தடித்து, உள்ளே ஈரம் வழுக்கினால் சமையலுக்கு மட்டும். கழுத்தழுகல் பூஞ்சை அந்த ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. வாங்கும் நாளில் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் போல ஆனபின் கழுத்தோரம் மெத்தென்று அமுங்கி, சாம்பல் நிறப் பூஞ்சை தலைகாட்டும்.

அடுத்து அடிப்பகுதி. பழைய வேர் காய்ந்த நாராக இருந்தால் சரி. வெள்ளையாகப் புது வேர் துளிர்த்திருந்தால் ஈரத்தில் கிடந்த சரக்கு. இரட்டைக் காயில் தோல் நடுவே பிளந்திருக்கும், தங்காது. பூத்தண்டு விட்ட காயை நறுக்கினால் நடுவில் கெட்டியான தண்டு நிற்கும்; அழுகலும் அங்கேதான் தொடங்கும். தோலுக்கடியில் கரும்பொடி இருந்தால் அது கரும்பூஞ்சை, மூட்டையில் சேர்க்கக் கூடாது.

ரகமும் முக்கியம். கண்ணைக் கரிக்கும் காரமான காயில் நீர் குறைவு, தோல் பல அடுக்கு. நல்ல இடம் கிடைத்தால் ஆறு மாதம்கூட நிற்கும். இனிப்பு ரகம் வெளிறிய மெல்லிய தோலோடு, நீர் கோத்து இருக்கும். ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது.

தோட்டத்தில் பிடுங்கிய காயானால் முதலில் உலர்த்தல். 24 முதல் 30 டிகிரி சூட்டில், நிழலில், காற்றோட்டமாக, ஒரே அடுக்காக இரண்டு மூன்று வாரம். கழுத்து முழுக்கக் காயும்வரை தாளை வெட்டக் கூடாது. பிறகு 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டலாம். ஒட்ட வெட்டினால் கழுத்து திறந்துகொள்ளும்.

வைக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘குளுமையான இடம்’ என்று பொதுவாகச் சொல்வது அரைகுறை. 0 முதல் 4 டிகிரியில் காய் நன்றாக உறங்கும். 25 முதல் 30 டிகிரியிலும் முளை மெதுவாகத்தான் வரும், ஆனால் நீர் வற்றி எடை குறையும். இரண்டுக்கும் நடுவே, 10 முதல் 20 டிகிரிதான் முளைக்கு மிகவும் பிடித்த சூடு. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் போதும். அதற்கு மேல் ஏற ஏற வேரும் பூஞ்சையும் வரும். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் குளிர் இருக்கிறது, ஈரமும் கூடவே இருக்கிறது. அதனால் முழுக்காய்க்கு அது சரிப்படாது.

வலைப்பை அல்லது கம்பிக்கூடை நல்லது. தரையைத் தொடாமல், இருட்டில், இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் குவியாமல் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மேலடுக்கு பச்சை பாயும். உருளைக்கிழங்கு ஈரத்தை வெளியிடும், எனவே தனியாக இருக்கட்டும். கொட்டும்போது மெதுவாக, அடிபட்ட இடம் வெளியே தெரியாமல் உள்ளே கன்றிவிடும்.

முதல் மாதம் பெரிதாக வேலை இல்லை. அதன்பின் வாரம் ஒருமுறை கிளறி முகர வேண்டும். சில காய் வெளியே கல்லாக இருக்கும். கழுத்தைப் பிதுக்கினால் மட்டும் நாற்றமடிக்கும் நீர் கசியும். உள்ளே ஒரே ஓர் அடுக்கு பழுப்பாகக் குழைந்திருக்கும். இது பாக்டீரியா அழுகல். அதை எடுத்தெறிந்து, நனைந்த அக்கம்பக்கத்துக் காய்களைத் துடைத்து முதலில் செலவழிக்கவும். முளைத்தது கெட்டதல்ல, சதை இறுக்கமாக இருந்தால் நறுக்கிச் சமைக்கலாம்.

நறுக்கி மிஞ்சியதை மூடிய டப்பாவில் 4 டிகிரிக்குள் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர் அறையில் இருக்கும் காயை மொத்தமாக வெளியே எடுக்க வேண்டாம்: வெதுவெதுப்பான காற்று பட்டதும் தோலில் நீர் பூக்கும், உறக்கமும் கலையும். ஒரு வாரத் தேவைக்கு மட்டும் எடுத்தால் போதும்.