தோபாவும் சிமலுங்குனும்: ஒரு சொற்பட்டியல் வேலை

இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் பேசப்படும் பத்தாக் மொழிகளுக்கான சொற்பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். என் கைக்கு வந்த அட்டவணையில் சிமலுங்குன் மொழிக்குத் தனி இடம் இல்லை. இன்னொரு பத்தாக் மொழியான தோபாவின் வட்டார வழக்கு என்று அதற்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். சிமலுங்குன் மக்களுக்கு இது பழைய மனக்குறை. 1903இல் ஜெர்மன் மிஷன் வந்தபோது தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் தோபா மொழியைத்தான் கொண்டுவந்தது. தங்கள் மொழியிலேயே புத்தகம் வேண்டும் என்று 1928இல் அவர்களே ஒரு குழு அமைத்தார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, உறவு எப்படிப்பட்டது? மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றொரு பத்தாக் மொழியான காரோவில் 'கயு', சிமலுங்குனில் 'ஹயு', தோபாவில் 'ஹவு'. ககரம் ஹகரமானது சிமலுங்குனுக்கும் தோபாவுக்கும் பொது. யகரம் விழுந்தது தோபாவில்.

மலை என்ற சொல்தான் என்னை உட்காரவைத்தது. தமிழில் எழுதினால் தோபாவிலும் சிமலுங்குனிலும் அது 'டொலொக்'. ஆனால் 'காகம்' என்று சொல்லிப் பாருங்கள்: தோபாவின் கடைசி ஒலி முதல் ககரம் போல, சிமலுங்குனின் கடைசி ஒலி இரண்டாவது ககரம் போல. சொல்லின் முடிவில் அந்த இரண்டு ஒலிகளும் தோபாவில் ஒன்றாகிவிட்டன; சிமலுங்குனில் இன்னும் தனித்தனி. கலந்துபோன ஒன்றிலிருந்து பழைய வேறுபாட்டைச் சரியாகப் பிரித்தெடுக்க எந்த மொழியாலும் முடியாது. தீயும் அப்படித்தான். தோபாவில் 'அப்பி', சிமலுங்குனில் 'அப்புய்'. கடல் தாண்டி பிலிப்பைன்ஸில் பேசப்படும் உறவு மொழியான தகலோகில் 'அப்போய்'. பழைய ஈற்றைக் காப்பாற்றியது சிமலுங்குன்தான்.

அப்படியானால் சிமலுங்குன் தோபாவிலிருந்து பிறந்ததாக இருக்க முடியாது. பத்தாக் மொழிகளில் காரோ சேர்ந்த வடக்குக் கிளைக்கும் தோபா சேர்ந்த தெற்குக் கிளைக்கும் இடைப்பட்ட மொழி என்றுகூட முன்பு சொல்லிவந்தார்கள். தெற்குக் கிளையிலிருந்து முதலில் பிரிந்த மொழி இது என்று மொழியியலாளர் அடெலார் 1981இல் காட்டினார். தோபாவும் அதே கிளையின் அங்கோலா-மண்டைலிங்கும் அதற்கப்புறம்தான் பிரிந்தன.

வேலையில் உண்மையான சிரமம் கடன் சொற்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோபா விவசாயிகள் நெல் பயிரிட சிமலுங்குன் பகுதியில் பெருமளவில் குடியேறினார்கள். அங்குள்ள பெமாத்தாங் சியாந்தார் நகரில் இன்றைக்கும் தெருவில் தோபா கேட்கும். அதனால் ஒரு சிமலுங்குன் சொல் தோபாவைப் போலவே இருந்தால், அதை உறவுக்குச் சான்றாக உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈற்றொலி தோபா விதிப்படி மாறியிருந்தால் அது நேற்று வந்த சொல்லாக இருக்கலாம். அப்படிப்பட்ட சொற்களைத் தனியே குறித்துவைத்துவிட்டு, சிமலுங்குனுக்கு அட்டவணையில் தனிப் பத்தி கேட்டு எழுதினேன்.