காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து தவக்காலத்துக்கு, ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ கதையை எடுத்து வைத்திருக்கிறேன். ஆச்சி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கதைப்புத்தகம் தொடக்கூடாது. இதற்கு மட்டும் விலக்கு. உள்ளே அரக்கன், கோட்டை, வாள்சண்டை எல்லாம் உண்டு என்று ஆச்சிக்குத் தோன்றவில்லை போல. நாங்களும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

பத்துப் பக்கம் தாண்டவில்லை, மனசு முரண்டு பிடிக்கிறது. பெண்டாட்டியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிட, மோட்சம் தேடிப் புறப்பட்ட கதாநாயகன் கிறிஸ்தியான் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, “ஜீவன், ஜீவன், நித்திய ஜீவன்” என்று கத்தியபடி ஓடுகிறான். சின்ன வயதில் அது வீரமாக இருந்தது. இப்போது கண் வாசலில் நிற்கிறவளிடமே போகிறது.

சின்னவனுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்பா இப்படி ஓடினா நீ விடுவியாம்மா?” என்றான்.

வசனம் இருக்கிறது, லூக்கா 14:26: பெண்டாட்டி பிள்ளைகளையும் வெறுக்காதவன் எனக்குச் சீஷனாக முடியாது என்று இயேசு சொல்வது. அதையும் நான் வேகமாகத்தான் கடப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

பனியனை அவ்வளவு லேசாகத் தள்ளவும் முடியவில்லை. பாத்திரம் பழுது பார்த்துப் பிழைத்த மனுஷன். இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்ஃபோர்டு சிறையிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை, 1660 முதல் 1672 வரை உள்ளே. வெளியே நான்கு பிள்ளைகள், மூத்தவளுக்குக் கண் தெரியாது. அவர்களைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். காதைப் பொத்தியும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

1678-ல் முதல் பாகம். கிறிஸ்தியானின் மனைவி நான்கு மகன்களோடு அதே வழியில் புறப்படுகிற இரண்டாம் பாகம் 1684-ல். ஆறு வருஷம் அவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டாரே!

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் மும்மணி ஆராதனை, மூன்று மணி நேரம், முடிந்து வந்து படுக்கப் பிடிக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் மூத்தவன் பழைய பேப்பர்காரருக்கென்று கட்டி வைத்த கட்டுக்குள் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். அதில் ‘இரட்சணிய யாத்திரிகம்’.

பனியனைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை எழுதி 1894-ல் வந்த காவியம். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். பிறந்த சமயத்தை விட்டு வந்தாரே தவிர, காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பாட்டுக்குப் பாட்டு கம்பன் கேட்கிறான்.

இயேசுவைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கயிறுதான் கட்டியிருக்கிறது என்று நினைக்காதீர்கள், பகைத்தவர்கள் மேலேயே வைத்த அன்பை அவிழ்க்க முடியாமல் நிற்கிறார் என்கிறார் கவிஞர். “ஈசன் மகன் நின்றனர் ஓர் ஏழையென ஒல்கி.” கயிற்றுக்கு அவர் போட்ட சொல் ‘பாசம்’. ஓடுகிறவனின் கதைக்குள் இப்படி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்த அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த ஒரு புத்தகத்தை மட்டும் உருவி எடுத்தேன். கட்டு தளர்ந்துவிட்டது என்று மூத்தவன் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான்.