எழுபது கொண்டை ஊசியும் ஒரு போலிக் கண்டென்சரும்

பழைய புல்லட்டை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போகாதே என்று சொன்ன அத்தனை பேருக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போனேன். எழுபது வளைவும் ஏறினேன், அதே எழுபதும் இறங்கித் திருச்சி வந்து சேர்ந்தேன். நடுவில் வண்டி நின்றது உண்மைதான். ஆனால் நிறுத்தியது அதன் வயதல்ல, போன மாதம் புதிதாக வாங்கிப் போட்ட ஒரு உதிரி பாகம். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் வழி, செலவு, தங்குமிடம் எல்லாம் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1986 மாடல் 350 சிசி. மாமா ஓட்டி, அப்புறம் என்னிடம் வந்தது. சிலிண்டர் வார்ப்பிரும்பு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இப்போதைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் ஏறி உட்கார்ந்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள், அதனால் யாருக்கும் கொடுப்பதில்லை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறேன்.

இது நம் ஊர் வண்டி என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூர் ஆலையில் வேலை ஆரம்பித்தது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் செய்வதை நிறுத்தவில்லை. என் வண்டியும் அங்கே பிறந்ததுதான்.

விடியற்காலையில் கிளம்பினோம், பின்னால் மச்சான். குணசீலம், முசிறி, தொட்டியம் என்று காவிரியை ஒட்டிப் போகும் சாலை. தொட்டியம் பக்கம் இரண்டு புறமும் வாழைத் தோப்பு. மணிக்கு ஐம்பது, ஐம்பத்தைந்தில் வைத்துப் பிடித்தால் இந்த இன்ஜின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். எழுபதுக்கு மேல் முறுக்கினால் கைப்பிடி நடுங்கும், போல்ட் கழலும், சூடும் ஏறும். சிலிண்டரின் அகலம் (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர். இவ்வளவு நீளமாக பிஸ்டன் ஏறி இறங்கும் இன்ஜினை விரட்டக் கூடாது. விரட்டாவிட்டால் தரும் சுகம் வேறு எந்த வண்டியிலும் இல்லை, இதை அடித்துச் சொல்வேன்.

நாமக்கல்லில் டேங்க்கை நிரப்பினேன். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், புல்லட்டோ லிட்டருக்கு முப்பது சொச்சம்தான் கொடுக்கிறது. பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் வலிக்கிறது. அதோடு இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயை ஒருமுறை மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அங்கேதான் ஏற்றம் ஆரம்பம். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறது. முதல் இருபது வளைவு வரை பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினோம். வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்தால் தக் தக் தக் என்று தானே ஏறிக்கொள்கிறது. வளைவில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அறுப்பது தேவையே இல்லை. பின்னால் வந்த பையன்கள் சிலர் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஓட்டிக்கொண்டு போனார்கள். காட்டுக்குள் அந்தச் சத்தம் எதற்கு? மிருகம் இருக்கிறது, பறவை இருக்கிறது, ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். புல்லட்டின் அழகே அந்த அடங்கிய சத்தம்தான். அதைக் கெடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

நாற்பத்தாறாவது வளைவில் வண்டி திக்க ஆரம்பித்தது. ஒரு முறை இருமியது, இரண்டு வெடி வெடித்தது, நின்றுவிட்டது. உச்சி வெயில். ஓரமாகத் தள்ளிக் கல் வைத்து நிறுத்தினோம்.

பழைய வண்டி நின்றால் பார்க்க வேண்டியவை இரண்டே விஷயம்: பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா. முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது, திறந்ததும் உஸ்ஸென்று காற்று இழுக்கும். அப்படி ஒன்றும் இல்லை. கார்புரேட்டரில் குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் பெட்ரோல் நன்றாக ஊற்றுகிறது. சரி, அப்போது கரண்ட் பக்கம்தான். பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறத்தில் இருந்தது, அதாவது அதுவரை நன்றாகத்தான் எரிந்திருக்கிறது. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. பிளக்கைக் கேப்பில் மாட்டி, ஹெட்டில் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைத்தால் மஞ்சளாக ஒரு சோனிப் பொறி. நீலமாகப் பளிச்சென்று அடிக்க வேண்டியது.

சிலிண்டருக்குப் பின்னால் வலது பக்கம் இருக்கும் சி.பி. பாயிண்ட் (இன்ஜின் சுற்றும்போது கரண்டை விட்டும் அறுத்தும் தரும் சுவிட்ச்) மூடியைத் திறந்தோம். மச்சான் கிக்கரை மெதுவாக அழுத்த, பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அங்கேயே பெரிதாகத் தீப்பொறி பறந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது, போன மாதம் புதிதாகப் போட்ட கண்டென்சர்தான்.

அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பாயிண்ட் மூடியிருக்கும்போது, பிளக்குக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலில் கரண்ட் ஓடுகிறது. பாயிண்ட் திறந்த நொடியில் அந்தக் கரண்ட் நிற்க மனமில்லாமல் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். கண்டென்சர் அதை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் காயிலின் காந்தப் புலம் சட்டென்று அறுந்து, பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் போகிறது. கண்டென்சர் கெட்டால் அந்தச் சக்தியெல்லாம் பாயிண்டிலேயே எரிந்து வீணாகும், பாயிண்ட்டும் கருகும். இதில் கொடுமை என்னவென்றால் பாதி கெட்ட கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடானால் கையை விரித்துவிடும். அதனால் மெக்கானிக் கடை வாசலில் வண்டி நன்றாக இருக்கும், மலையில் நிற்கும். ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இந்த அறிகுறியைப் பார்த்தாலே கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று காசு வாங்குபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே மேலேயிருந்து ஒரு குட்டி யானை சரக்கு வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"வண்டி படுத்துருச்சுங்களாண்ணா? ஏத்திருங்க, நாமக்கல்ல எறக்கி விட்டர்றேன்."

"எவ்வளவுங்க ஆகும்?"

"நாலாயிரம் குடுத்துருங்க."

கீழே இறங்க எப்படியும் காலி வண்டியாகப் போகிறவர். நாலாயிரம்! எங்கள் மொத்தப் பயணத்துக்கே அவ்வளவு வைக்கவில்லை. இரண்டாயிரம் என்று மச்சான் பேசிப் பார்த்தான். "இந்த வெயில்ல இன்னும் ரெண்டு மணி நேரம் நின்னீங்கன்னா நீங்களே ஐயாயிரம் தருவீங்க" என்றார். மாட்டிக்கொண்டவனிடம் இப்படிப் பேசுவது எனக்கு ஆகவே ஆகாது. வேண்டாங்க, நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் பையில் எப்போதும் ஒரு பழைய கார் கண்டென்சர் இருக்கும், ஒயர் முனையில் வளையம் அடித்து வைத்தது. அதை உள்ளேயே மாட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. கெட்டதைக் கழற்றிவிட்டு, ஒயரைக் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனையில் மாட்டி, கண்டென்சரின் உடம்பைச் சேசிஸில் ஒரு போல்ட்டில் இறுக்கினால் போதும். வெளியே இருந்தால் இன்ஜின் சூடும் படாது. கருகிய பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துப் பாயிண்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். 0.40 வரை இருக்கலாம்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யும் முறை. இதை அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். அங்கே சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும். டீகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரு மிதி. பிடித்துக்கொண்டது. மச்சான் கத்திய கத்தலில் எதிரே வந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். மீதி வளைவுகளை ஒரு திக்கல் இல்லாமல் ஏறியது அந்த வண்டி.

வீட்டுக்கு வந்ததும் கெட்ட கண்டென்சரை மல்டிமீட்டரில் வைத்தேன். ஆறியிருக்கும்போது 0.2 மைக்ரோ ஃபாரட், சரியான அளவு. ஹேர் டிரையரில் சூடாக்கினேன், எண் தாறுமாறாக ஆடியது. பெட்டியில் அச்சு, முத்திரை எல்லாம் அசலைப் போலவே இருக்கிறது, உள்ளே இருப்பது குப்பை. விலையும் அசல் விலைதான் வாங்கினார்கள். மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிறவன் கதி என்ன ஆகும் என்று இதைச் செய்கிறவர்கள் ஒரு நிமிடம்கூட நினைப்பதில்லை. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுக்கொள் என்று பலர் சொல்கிறார்கள். நான் போட மாட்டேன். அது கெட்டால் நாற்பத்தாறாவது வளைவில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இதையோ பிளையரும் உப்புத்தாளும் வைத்துச் சரிசெய்துவிட்டேன்.

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் வல்வில் ஓரி சிலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், நாலே மேசை போட்ட ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. மலை மிளகை அம்மியில் அரைத்து ஊற்றியிருந்தார் அந்த அக்கா. தொண்டையில் இறங்கும்போதே காது சூடானது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி, வண்டி ஓட்டி வந்திருக்கீங்க" என்று மூன்றாவது முறையும் போட்டார். ஆளுக்கு 180 ரூபாய். நகரத்தில் இந்தக் கோழிக்கு 400 கேட்பார்கள், ருசியும் இருக்காது. மாலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப், முப்பது ரூபாய். மேலே பஞ்சு மாதிரி முடி இருக்கும் கிழங்கு அது. கை கால் வலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். வலிக்குக் கேட்கிறதோ இல்லையோ, குளிரில் அந்தக் காரத்துக்காகவே இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அறைக்கு முதலில் கேட்டது 2500. வார இறுதி விலையாம். வெந்நீர்கூடக் கிடையாது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனோம், 900 ரூபாய்க்குச் சுத்தமான அறை, வண்டி நிறுத்தத் தகரக் கூரையும் கிடைத்தது.

காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போதே டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, பார்த்தேன். வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சூட்டில் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறினோம், அருவி அருமை, முழங்கால் பாவம்.

இறக்கத்தில் டிரம் பிரேக்கை நம்பிக்கொண்டே வரக் கூடாது, சூடேறினால் பிடிக்காது. எழுபது வளைவும் இரண்டாவது கியரில்தான் இறக்கினேன், பிரேக் வளைவுக்கு மட்டும். பழைய யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே இறங்கினால் இன்ஜினுக்கு ஆயில் போகாது, அவ்வப்போது லேசாக முறுக்கிவிட வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அன்று அதைக் கடைப்பிடித்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செலவு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து: பெட்ரோல் ஆயிரம் ரூபாய் சுற்றி, அறை 900, சாப்பாடு, டீ, சூப், அன்னாசிப்பழம் எல்லாம் 1100 இருக்கும். குட்டி யானைக்காரர் கேட்ட நாலாயிரத்துக்குள் மொத்தமும் முடிந்து, மிச்சமும் இருந்தது. கையில் எடுத்துப் போக வேண்டியவை கண்டென்சர், பாயிண்ட் செட், பிளக், டியூப், கிளட்ச் கேபிள். புதுக் கேபிளைப் பழையதோடு சேர்த்தே ஓடவிட்டு டேப் ஒட்டி வைத்துவிட்டால், அறுந்தால் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முள்ளுக்குறிச்சி பக்கமிருந்தும் ஒரு மலைப்பாதை வருகிறது, வளைவுகள் குறைவு. அடுத்த முறை அந்த வழியாக ஏறிக் காரவள்ளியில் இறங்கலாம் என்று மச்சான் இப்போதே நச்சரிக்கிறான். அதற்குள் பின் பிரேக் லைனிங் மாற்றியாக வேண்டும். பழைய ஷூவில் நல்ல லைனிங் ஒட்டித் தருகிறவர் திருச்சி, கரூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பெட்டியில் வரும் புதுசை இனி நம்புவதாக இல்லை.