மூத்திரம் சிவக்காத உண்ணிக் காய்ச்சலும் ஒரு ஸ்லைடும்

எங்கள் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு 106 டிகிரி காய்ச்சல். தோள்பட்டைக்கு முன்னால் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. வாழப்பாடிப் பக்கத்தில் ஊசி போட வந்தவர், “மூத்திரம் சிவக்கலையேங்க, அப்புறம் எப்படி உண்ணிக் காய்ச்சல்?” என்று சொல்லி, காய்ச்சலுக்கு ஒன்றும் ஆன்டிபயாடிக் ஒன்றும் போட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பேச்சை நம்பாதீர்கள். உண்ணி பரப்பும் ரத்தக் கிருமி நோய்கள் மூன்று: பபேசியா, தைலீரியா, அனாபிளாஸ்மா. மூத்திரம் காபித் தண்ணி நிறத்தில் போவது பபேசியாவில். தைலீரியாவில் பெரும்பாலும் நிறம் மாறாது; காய்ச்சலும் நெறிக்கட்டும்தான் முதலில் தெரியும். அனாபிளாஸ்மாவிலும் சிவக்காது, ரத்தம் வற்றிக் கண் வெளுக்கும், மஞ்சள் தட்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று பிரித்துப் பார்க்கத்தான் ஸ்லைடு, அதாவது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது.

காய்ச்சல் இறங்கவில்லை. ஊசி போட்டவரே கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, ஊதா மூடிக் குழாயில் கொடுத்து, சேலத்தில் இருக்கும் லேபுக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஐஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்திரை வெயிலில் பஸ் ஏறிப் போனால், கவுன்டரில் இருந்தவர் குழாயைக் கையில்கூட வாங்கவில்லை. “டாக்டர் லெட்டர் இல்லாம எடுக்க மாட்டோம்ங்க.” கெஞ்சிக்கொண்டு நின்றேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்த லேப் ஊழியர் குழாயைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “சூட்டுல ரத்தம் கெட்டுப்போச்சு. லெட்டர் இருந்தாலும் பிரயோஜனமில்லை” என்றார். இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் வீட்டுக்காவது போயிருப்பேன்.

அப்புறம் எங்கள் ஊர் கால்நடை மருந்தக டாக்டரம்மா வந்ததும்தான் வேலை நடந்தது. காது ஓரத்து முடியை மழித்து, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அங்கேயே ஸ்லைடில் இழுத்தார். பபேசியா கிருமி நுண்ணிய நாளங்களில்தான் அதிகம் தங்குமாம்; அதனால் கழுத்து ரத்தத்தைவிடக் காது ரத்தம் நல்லது. நெறியிலும் ஊசி குத்தி இன்னொரு ஸ்லைடு. காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நனைத்து, பெயரைப் பென்சிலில் எழுதினார், பேனா மை அழிந்துவிடும். ஈ மொய்க்காமல் மூடிவைக்கச் சொன்னார், ஈ ரத்தத்தை நக்கிவிடுமாம்! கடிதத்தில் மாட்டின் வயது, காய்ச்சல், ஏற்கெனவே போட்ட ஊசிகள் எல்லாம் இருந்தன. இந்த முறை கவுன்டரில் மறுபேச்சு இல்லை.

ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்ததில் நெறி ஸ்லைடில் தைலீரியா. அதற்கான மருந்து பூபார்வகுவோன், 20 கிலோ எடைக்கு 1 மில்லி கணக்கில், கழுத்துச் சதையில் ஆழமாகப் போட்டார். மாடு எழுந்து தீவனம் தின்றது. பால் மட்டும் பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை.

நெறி கட்டியிருந்தால் அதிலிருந்தும் ஸ்லைடு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஸ்லைடில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் பிசிஆர் (ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பற்றி விசாரியுங்கள். கிருமி குறைவாக இருந்தால் நுண்ணோக்கிக்குச் சிக்காது.