முட்டி வலின்னு ஆறு வாரம் அலைஞ்சோம், கோளாறு இடுப்புல இருந்துச்சு

பையனுக்கு 12 வயசு, கொஞ்சம் பூசினாப்ல உடம்பு. வலது முட்டி வலிக்குதுன்னான். முதல்ல பாத்த டாக்டர் முட்டியை அமுக்கிப் பாத்துட்டு வளர்ற வயசு வலி, தானா போயிடும்னாரு. போகல. மறுபடி போனா முட்டிக்கு எக்ஸ்ரே, ரிப்போர்ட் நார்மல். அப்புறம் என்ன, ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்னு நானே திட்டினேன், இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது.

வளர்ற வலின்னா பெரும்பாலும் ரெண்டு காலும் வலிக்கும், சாயந்திரமோ ராத்திரியோ வரும், காலைல எந்திரிச்சதும் ஓடி ஆடுவாங்க. இவனுக்கு ஒரே கால், பகல்லயும் வலி, நொண்டல் வேற, நடக்கறப்ப பாதம் வெளிப்பக்கமா திரும்பியிருந்துச்சு. இவ்வளவும் கண்ணு முன்னாடி இருந்துச்சு, எனக்குத்தான் உறைக்கல.

மூணாவதா குழந்தைங்க எலும்பு டாக்டர். படுக்க வச்சு தொடையை மடக்கினாரு, கால் நேரா வராம தானா வெளிய சாஞ்சுது. "இடுப்புக்கு எடுத்தீங்களா?"ன்னாரு. தொடை எலும்பு உச்சில இருக்கற உருண்டை, வளர்ச்சித் தட்டு (பசங்களுக்கு எலும்பு வளர்ற இடம்) கிட்ட சறுக்கிடுச்சாம், இடுப்புக்கும் முட்டிக்கும் பொதுவா நரம்பு போறதால வலி முட்டில தெரியுதாம். அந்த நிமிஷத்துல இருந்து கால் தரைல படக்கூடாது, வீல்சேர். அவனை நான் ஆறு வாரம் மாடிப்படி ஏத்தியிருக்கேன்!

எக்ஸ்ரே ரூம்ல அடுத்த கூத்து. நேரா ஒரே ஒரு படம், அதுவும் வலது பக்கம் மட்டும் எடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டு இடுப்பும் வேணும், தவளை மாதிரி காலை விரிச்சு பக்கவாட்டுலயும் வேணும்னு டாக்டர் திருப்பி அனுப்பினாரு, லேசான சறுக்கல் நேர் படத்துல தெரியாமலே போகுமாம். சீட்டுல அப்படி எழுதலையேன்னு அந்த டெக்னீஷியன் ஒரே பிடிவாதம், சீட்டை மாத்தி வாங்கிட்டு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம். நீங்க போனா சீட்டைப் படிச்சுப் பாத்துட்டே உள்ள போங்க.

அன்னைக்கே அட்மிஷன், மறுநாள் ஒரு ஸ்க்ரூ போட்டாங்க, அதெல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப கிரச்சஸ்.

இன்னொரு இடுப்பும் சறுக்க வாய்ப்பு இருக்காம், அதனால வளர்ச்சித் தட்டு மூடற வரைக்கும் செக்கப். இடது பக்கம் இடுப்பு, தொடை, முட்டி எது வலிச்சாலும் உடனே வரச் சொல்லியிருக்காங்க. நேத்து இடது முட்டி வலிக்குதுன்னான், நான் ஃபைலைத் தூக்கிட்டு வாசலுக்கே போயிட்டேன், அப்புறம் சொல்றான், கட்டில்ல இடிச்சுக்கிட்டானாம்.