கறுப்பு வெல்வெட்டுக்குப் பின்னால் ஜேம்ஸ் வாங் ஹோ

பழைய ஹாலிவுட் கேமராமேன்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கிரெக் டோலண்டில்தான் ஆரம்பிப்பார்கள். அவர் எடுத்த சிட்டிசன் கேன் படம், அதில் கூரை தெரியும் செட், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒருசேரத் துல்லியமாகத் தெரிவது. சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1931-ல், டிரான்ஸ்அட்லாண்டிக் என்ற கப்பல் படத்தில் இதே வேலைகளைச் செய்து காட்டியவர் ஜேம்ஸ் வாங் ஹோ. போட்டோ ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிற எனக்கு டோலண்டை விட இவர்தான் நெருக்கம்.

1899-ல் சீனாவின் தைஷான் பகுதியில் பிறந்தவர். ஐந்து வயதில் அமெரிக்காவுக்கு வந்தார். வாஷிங்டன் மாநிலத்துப் பாஸ்கோ என்ற சின்ன ஊரில் அப்பாவுக்குக் கடை. இளவயதில் குத்துச்சண்டை போட்டார். அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ் போய் ஒரு போட்டோகிராஃபரிடம் எடுபிடி, ஓட்டலில் பெட்டி தூக்குவது என்று கிடைத்ததைச் செய்து, கடைசியில் ஒரு பட ஸ்டூடியோவின் கேமரா அறையைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1917-ல் இயக்குநர் செசில் பி. டிமில்லின் படப்பிடிப்பில் கிளாப் பலகை பிடித்தார். உள்ளே நுழைந்த கதை அவ்வளவுதான்.

மேலே ஏறிய கதைதான் சுவாரசியம். மேரி மைல்ஸ் மின்டர் என்று ஒரு நட்சத்திரம், வெளிர்நீலக் கண்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம் நீலத்தை ஏறக்குறைய வெள்ளையாகவே பதியும், சிவப்பைக் கறுப்பாக்கிவிடும். அதனால் திரையில் அந்தப் பெண்ணின் கண்கள் பார்வையற்றவர் கண்கள் போல வெளிறிக் கிடந்தன. ஹோ அவரை ஸ்டில் எடுத்துக் கொடுத்தார். படத்தில் கண்கள் கருமையாக விழுந்திருந்தன. சினிமாவிலும் இப்படி எடுக்க முடியுமா என்று அந்த அம்மாள் கேட்க, இவர் முடியும் என்று சொல்லிவிட்டார். எப்படி வந்தது என்பது சொன்ன நேரத்தில் அவருக்கே தெரியாது. அப்புறம் யோசித்துப் பிடித்தார்: எதிரே இருந்த இருண்ட பரப்பு கண்ணில் பிரதிபலித்ததுதான் காரணம். கறுப்பு வெல்வெட்டில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் கேமராவை வைத்தார். வெல்வெட்டுக்குள் ஒளிந்து படம் எடுக்கும் சீனாக்காரரை மின்டர் வரவழைத்திருக்கிறாராம் என்று ஊரெல்லாம் பேச்சு. வெளிர்நிறக் கண் உள்ள நடிகைகளெல்லாம் இவரைத் தேட ஆரம்பித்தார்கள்.

நான் இந்தக் கதையில் நிற்பது வேறோர் இடத்தில். அவர் கூடுதலாக ஒரு விளக்கு வைக்கவில்லை. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைத்தார், அவ்வளவே. எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'முகம் பளிச்சுனு இருக்கணும்ணா' என்பார்கள். நாங்களும் இரண்டு பக்கமும் லைட், எதிரே வெளிச்சத்தைத் திருப்பியடிக்கத் தெர்மாகோல் என்று வைத்து மூக்கே இல்லாத மாதிரி எடுத்துக் கொடுப்போம். ஹோ அந்த அறையில் ஜன்னல் எங்கே, மேஜை விளக்கு எங்கே என்று பார்ப்பார். வெளிச்சம் அங்கிருந்துதான் வர வேண்டும். வராத பக்கம் இருட்டு. இருட்டு தூக்கலாக இருக்கும் இந்த ஒளியமைப்புக்கு 'லோ கீ' என்று பெயர். இதற்காகவே 'லோ கீ ஹோ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடி அண்ட் சோல் கதையை விடமாட்டார்கள். 1947-ல் வந்த குத்துச்சண்டைப் படம். கையில் சின்ன கேமராவோடு ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு மேடைக்குள் இறங்கினார். உதவியாளர் தள்ளிக்கொண்டே போனார். நல்ல காட்சிதான். குத்து வாங்கியவன் உலகத்தை எப்படிப் பார்ப்பான் என்று அனுபவத்தில் தெரிந்தவர் எடுத்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிது, 1963-ல் வந்து அவருக்கு இரண்டாவது ஆஸ்கர் வாங்கித் தந்த ஹட். டெக்சாஸ் மேய்ச்சல் நிலம், கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளையில் வானம் எடுக்கும் எவனும் மஞ்சளோ சிவப்போ ஃபில்டர் போட்டு, நீலத்தை இருட்டாக்கி, மேகத்தைத் தூக்கிக் காட்டத்தான் பார்ப்பான். நானும் அந்த ஜாதிதான். ஹோ மேகமே தெரியக் கூடாது என்று முடிவு செய்தார். மொட்டை வானம், மொட்டை நிலம், நடுவே நடிகர் பால் நியூமன். ஆரம்பத்தில் யாரோ ஒருத்தியின் கண்ணிலிருந்து வெள்ளையை விரட்டியவர், இங்கே வானம் முழுக்க அதையே விட்டுவைத்திருக்கிறார்.

தொழில் இப்படிப் போக, வாழ்க்கை வேறு மாதிரி இருந்தது. சீனர்களை விலக்கி வைத்த சட்டம் 1943-ல் நீக்கப்படும் வரை அவர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது. எழுத்தாளர் சனோரா பாப் அவருடைய மனைவி, வெள்ளைக்காரப் பெண். 1937-ல் பாரிஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கலிஃபோர்னியா அதை ஒத்துக்கொள்ளவில்லை. நடத்தை சரியில்லை என்று ஸ்டூடியோ ஒப்பந்தம் பறிபோகாமல் இருக்க, ஒரே கட்டடத்தில் தனித்தனி வீட்டில் இருந்தார்கள். கலப்பு மணத்தைத் தடுத்த சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1948-ல் ரத்து செய்தபின், மறு வருஷம் அங்கேயே மறுபடி பதிவு செய்துகொண்டார்கள். அதற்குள் கம்யூனிஸ்ட் வேட்டை ஆரம்பித்திருந்தது. கணவர் பெயர் கெடக் கூடாதென்று சனோரா கொஞ்ச காலம் மெக்சிகோவில் போய் இருந்தார். நட்சத்திரங்களை அழகாகக் காட்ட அவரைத் தேடி ஓடிய அதே ஊரில்தான் இத்தனையும்.

முதல் ஆஸ்கர் 1955-ல் வந்த தி ரோஸ் டாட்டூவுக்கு. மொத்தம் பத்து முறை பரிந்துரை. செகண்ட்ஸ் படத்தில் எல்லாவற்றையும் வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸும் நடிகர் உடம்பிலேயே கட்டிய கேமராவுமாக அவர் செய்த அட்டகாசத்தைப் பார்த்தால், இளம் பையன் எடுத்தது என்றுதான் சத்தியம் செய்வீர்கள். 1966-ல் அது வெளியானபோது அவருக்கு 67. கடைசிப் படம் ஃபன்னி லேடி, 1975. மறு வருஷம் காலமானார்.

அவர் படங்களை எதிலிருந்து பார்ப்பது என்று கேட்டால், ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்ஸஸ். ராத்திரி நியூயார்க், நடிகர் பர்ட் லங்காஸ்டரின் மூக்குக்கண்ணாடி நிழல் கன்னத்தில் விழுவதை மட்டும் கவனியுங்கள், போதும். ஹட்டை போனில் பார்க்காதீர்கள். அந்த வானத்துக்குப் பெரிய டிவியாவது வேண்டும்.