8 ஜிபி ராமில் 100 ஜிபி கேட்டுப் பார்த்தேன்

லினக்ஸ் தன்னிடம் இல்லாத மெமரியையும் தாராளமாகக் கொடுக்கும் என்று படித்ததோடு சரி, செய்து பார்த்தது இந்த வாரம்தான். லேப்டாப்பில் ராம் 8 ஜிபி, ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் வட்டு இடம்) 2 ஜிபி.

எம்மேப் என்பது நிரல், லினக்ஸின் மையமான கெர்னலிடம் மெமரி கேட்கும் அழைப்பு. ஒரே எம்மேப் அழைப்பில் 20 ஜிபி கேட்டேன், மறுத்துவிட்டது. அதையே ஒவ்வொரு ஜிபியாக 100 தடவை கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்தது! இருப்பதைவிட அதிகமாக மெமரி தரலாமா என்று முடிவு செய்யும் அமைப்புதான் ஓவர்கமிட். அது இயல்பான 0-இல் இருக்கும்போது, இந்த ஒரு கோரிக்கை மட்டும் ராமும் ஸ்வாப்பும் சேர்ந்ததைவிடப் பெரிதா என்றுதான் கெர்னல் பார்க்கிறது, இதற்கு முன் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பதே இல்லை. ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையில் விர்ட் (கேட்டு வாங்கியது) 100 ஜிபி, ரெஸ் (உண்மையில் ராமில் இருப்பது) 2 எம்பிகூட இல்லை.

அப்புறம் 4096 பைட்டுக்கு, அதாவது மெமரியின் ஒரு பக்கத்துக்கு, ஒரு பைட்டாகத் தொட்டுக்கொண்டே போனேன். ரெஸ் அசையவில்லை. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, நான் எழுதவில்லை, வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்க மட்டும் செய்தால் எல்லாப் பக்கத்துக்கும் பூஜ்யம் நிரம்பிய ஒரே பொதுப் பக்கத்தைக் காட்டிச் சமாளித்துவிடுகிறது. எழுத ஆரம்பித்ததும் ரெஸ் மளமளவென்று ஏறியது, ஸ்வாப் நிறைந்தது, மவுஸ் திக்கித் திணறியது, கடைசியில் மெமரி தீர்ந்தால் நிரலைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்து நிரலை முடித்துவைத்தது. வெளியேறு எண் 137, அதாவது 128 கூட்டல், சிக்கில் என்ற கொல்லும் சிக்னலின் எண்ணான 9.

இது ஏமாற்று வேலை, கண்டிப்பான முறைதான் நேர்மை என்று நினைத்து ரூட் (நிர்வாகி) ஷெல்லில் ஓவர்கமிட்டை 2 ஆக்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த முறையில் வரம்பு, ஸ்வாப்போடு ராமில் 50 சதவீதம், அதாவது சுமார் 6 ஜிபி. பிரவுசர் திறந்திருந்ததால் கமிட்டெட்_ஏஎஸ் (எல்லா நிரல்களுக்கும் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்த மெமரி) ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்தது, பாதி ராம் சும்மா கிடந்தும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்கூட ஓடவில்லை, ஷெல்லால் ஃபோர்க் (தன்னை நகலெடுத்துப் புதிய ப்ராசஸ் உருவாக்குவது) செய்யவே முடியவில்லை. ஃபோர்க் பக்கங்களை உடனே நகலெடுப்பதில்லை, ஆனால் எழுதக்கூடிய பக்கம் அத்தனையும் கணக்கில் ஏறிவிடும். ரூட் அதிகாரம் தரும் சுடோவும் புதிய ப்ராசஸ்தானே, அதுவும் போச்சு. நல்லவேளை, ரூட் ஷெல்லை மூடவில்லை, எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, அதற்கு ஃபோர்க் தேவையில்லை. எக்கோவால் ஓவர்கமிட்டில் மறுபடி 0 என்று எழுதித் தப்பித்தேன்.

அடுத்து ஓவர்கமிட் ரேஷியோவை, அதாவது அந்த 50 சதவீதத்தை, 80 ஆக்கிவிட்டு அதே 2-ஐ மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன், இந்தத் தடவை பிரவுசரை மூடிவிட்டு.